மறுகரைக்காரி எழுதிய அளவு

நம் செட்டுப் பெண்களே, முட்டி வலி, சர்க்கரை, பேரன் பேத்தி, இந்த மூன்றையும் விட்டால் நமக்கு இப்போது வேறு பேச்சு இல்லை. பள்ளி மலர் போடுகிறோம், ஆளுக்கொரு நினைவு எழுதிக் கொடுங்கள் என்று நம் லீடர் கேட்டபோது, டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் கொட்டிய கதையை எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். சிரிப்பாகத்தான் வந்திருந்தது. பிறகு கிழித்துப் போட்டேன். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு எத்தனை காலம்தான் சிரிப்புக் கதையே சொல்லிக்கொண்டிருப்பது?

ஒன்பதாம் வகுப்பில் நாம் காவேரியை அளந்தோமே, அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

பூகோள டீச்சர் அப்போதுதான் புதிதாக வந்திருந்தார். மன்னார்புரம் பக்கம் ஒரு வாடகை வீட்டிலிருந்து பஸ் ஏறி வருவார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை, பை நிறையச் சுருட்டிய வரைபடம். ஆறு உற்பத்தியாகும் இடம், கலக்கும் இடம், கிளை நதிகள் என்று மனப்பாடம் செய்து ஒப்பித்துக்கொண்டிருந்த நம்மைப் பார்த்து, "ஆத்தங்கரையில இருந்துக்கிட்டு ஆத்தப் புத்தகத்துல படிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்று முதல் வாரமே கேட்டார். அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் அந்த ஆற்று ஆய்வு.

திட்டம் போடவே மூன்று வாரம் ஆயிற்று. பெரிய மனுஷியான பெண்கள் ஆற்றில் இறங்கி அளப்பதா என்று பாதி வீடுகளில் முகம் சுளித்தார்கள். டீச்சர் வீடு வீடாகப் போய்ப் பேசினார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். அப்பா ஆற அமரக் கேட்டுவிட்டு, படித்துறையில் நின்று பார்ப்பதானால் சரி, தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பாலம் தாண்டி வரும் நம் கோஷ்டிக்கெல்லாம் அந்த ஒரு கையெழுத்தைக் காட்டித்தான் டீச்சர் மற்ற அப்பாக்களையும் மடக்கினார்.

முதல் நாள் நடந்தது ஞாபகமிருக்கிறதா? நீரின் வேகம் பார்க்க ஏதாவது மிதக்கவிட வேண்டும் என்று டீச்சர் ஒரு டஜன் எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருந்தார். பி.டி. டீச்சரின் விசிலை ஒருத்தி ஊத, கடிகாரத்தை ஒருத்தி பார்க்க, மேல் படியிலிருந்து பழங்களை ஒவ்வொன்றாக விட்டோம். கீழ்த்துறையில் குளித்துக்கொண்டிருந்த பெண்கள் எலுமிச்சம்பழம் மிதந்து வருவதைப் பார்த்ததும் அலறியடித்துக்கொண்டு கரையேறினார்கள். எந்தச் சண்டாளி வீட்டுத் திருஷ்டிக் கழிப்போ, நம் தலையில் விடிந்துவிட்டதே என்று ஒரு மாமி ஈரப்புடவையோடு நின்று மண்ணை வாரித் தூற்றாத குறை. பாடத்துக்காக என்று டீச்சர் எடுத்துச் சொல்லச் சொல்ல, படித்த பொம்பளை செய்கிற வேலையா இது என்று இன்னும் எகிறினாள். நாம் சிரிப்பை அடக்க முடியாமல் தாவணியை வாயில் திணித்துக்கொண்டு நின்றோம்.

அப்போது ஒருத்தி மட்டும் சிரிக்காமல் ஓடிப்போய் எங்கிருந்தோ வாழைத்தண்டுத் துண்டுகளைக் கொண்டு வந்தாள். இதை விட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், நன்றாகவும் மிதக்கும் என்றாள். அவளுடைய அப்பா மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டியில் தார் இறக்குகிறவர். வீடு எதிர்க்கரையில், ஓடத்துறைப் பக்கம். அன்றிலிருந்து டீச்சர் அவளை விடவில்லை. நான் அவளை மறுகரைக்காரி என்றே இங்கே சொல்கிறேன். அவள் பெயர் உங்களுக்குத் தெரியும். ஆனால் கடைசியில் நீங்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏன் என்பதற்குத்தான் வருகிறேன்.

அவள் அப்பா அவளை அந்த வருஷமே ஸ்கூலிலிருந்து நிறுத்துவதாக இருந்தார். அக்காவையும் அப்படித்தான் நிறுத்திக் கட்டிக் கொடுத்தார். பூகோள டீச்சர் மண்டிக்கே போய், உங்கள் பெண் எதிலும் கணக்காக இருக்கிறாள், பத்து முடிக்கட்டும், டீச்சர் டிரெய்னிங்கில் நானே சேர்த்துவிடுகிறேன் என்று பேசிவிட்டு வந்தார். ஒரு வருஷம் பார்க்கிறேன், பொட்டப் பிள்ளை ஒழுங்காக இருந்தால் படிக்கட்டும் என்று அவர் சொன்னாராம். இதை மறுகரைக்காரியே என்னிடம் சொன்னாள். டீச்சரானால் தானும் பூகோளம்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆக, அவளுக்கு என்ன போகும் என்று எனக்கு முன்னமேயே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஆய்வின் முக்கியமான பகுதி நீர்மட்டம். இரண்டு ரீப்பர் கட்டைகளுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்து, அடிக்கும் அங்குலத்துக்கும் கறுப்புக் கோடு போட்டு, இந்தக் கரையில் ஒன்றும் அந்தக் கரையில் ஒன்றுமாகப் படித்துறைத் தூணில் கட்டினார்கள். முதல் நாள் இரண்டிலும் நாலடி காட்டும்படி டீச்சரே ஏற்றி இறக்கிச் சரிபார்த்தார். ஆடிப்பெருக்கு முடியும்வரை தினமும் காலை ஆறு மணிக்கு அளவு பார்த்து எழுத வேண்டும். கரைக்கு ஒருத்தி. ஸ்ரீரங்கம் கரைக்கு நான், எதிர்க்கரைக்கு அவள். டீச்சர் ஒரு கண்டிப்பு வைத்தார். இரண்டு அளவையும் சேர்த்துக் கோட்டுப் படம் வரைகிற நாள்வரை ஒருத்தி அளவை இன்னொருத்திக்குச் சொல்லக் கூடாது. இரண்டு நோட்டும் தனித்தனியாக வந்து ஒத்துப் போனால்தான் அதற்கு மதிப்பு. கட்டம் காலியாக இருக்கிற நோட்டு மாவட்டக் கண்காட்சிக்குப் போகாது என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை எனக்கு மனதில் பசை போட்டு ஒட்டிக்கொண்டது.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதிகாலையில் அந்தத் தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு. வண்டலும் மஞ்சளும் ஈரத் துணியும் கலந்த வாசனை. குளிக்கிறவர்கள் என்னைப் பார்த்து, இன்னிக்கு எத்தனை அடிம்மா என்று கேட்பார்கள். பெரிய எஞ்சினியர் மாதிரி நின்று சொல்வேன். பிரவுன் பேப்பர் அட்டை போட்ட நோட்டில், வீட்டுக்கு வந்து, கை துடைத்துவிட்டு, மசிப்பேனாவால் முத்து முத்தாக எழுதுவேன்.

ஆடி பிறந்து சில நாளில் நான் தூரமானேன். எங்கள் வீட்டு ஆசாரம் உங்களுக்குத் தெரியும். ஸ்கூலுக்குத் தடையில்லை, அந்த மட்டுக்கு அப்பா புதுக் காலத்து மனுஷர். ஆனால் கொல்லைப்புற அறை, தனித் தட்டு, தனிப் பாய். காவேரி கூடவே கூடாது.

"மூணு நாளைக்கு ஆத்தங்கரைப் பக்கம் தலை வெச்சுப் படுக்கப்படாது, சொல்லிட்டேன்," என்றாள் அம்மா. நான் மூஞ்சியைத் தொங்கப்போட்டதைப் பார்த்து, "டீச்சர்ட்ட சொல்லிடேன், அவாளும் பொம்மனாட்டிதானே," என்றும் சொன்னாள்.

எத்தனை சுலபமான வழி பாருங்கள். நான் சொல்லவில்லை. கூச்சம், அந்தக் காலத்துப் பெண் எப்படி வாய்விட்டுச் சொல்வாள் என்று இத்தனை வருஷம் என்னை நானே தேற்றிக்கொண்டேன். பாதிதான் கூச்சம். மீதி பேராசை. சொன்னால் அந்த மூன்று நாளைக்கு நோட்டு நம் கோஷ்டியில் இருந்த வடக்கு உத்தர வீதிக்காரிக்குப் போய்விடும். என் நோட்டில் அவள் கையெழுத்து. நினைக்கவே வயிறு எரிந்தது.

அதனால் கொல்லை அறையில் உட்கார்ந்துகொண்டே எழுதினேன். நாலடி இரண்டு அங்குலம். மறுநாள் நாலடி மூன்று. அதற்கு மறுநாள் நாலடி இரண்டு. அசல் மாதிரி தெரிய வேண்டுமென்று அங்குலத்தை மாற்றிப் போடுகிற அளவுக்கு அந்த வயசிலேயே சாமர்த்தியம்.

இரண்டாம் நாள் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பாலத்தின் மேல் போகும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். ஆறு முழுக்கக் கலங்கலாகப் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த மணல் திட்டைக் காணோம். துணி துவைக்கிற கற்கள் எல்லாம் முழுகியிருந்தன. மேலே எங்கேயோ மழை, அணையில் திறந்துவிட்டிருக்கிறார்கள். நீங்களும் அதே பஸ்ஸில்தான் வந்தீர்கள். அடுத்த பீரியடுக்கு ஹோம் ஒர்க் காப்பி அடித்துக்கொண்டிருந்தீர்கள், யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அன்று பிரேயர் முடிந்ததும் மறுகரைக்காரி என்னிடம் ஓடி வந்தாள். பாவாடை ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது.

"மூணடி ஏறிடுச்சுடி. உன் பக்கமும் அப்படித்தானே?"

"சொல்லிக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்கல்ல," என்றேன் நான்.

அவள் முகம் சுருங்கியது. பிறகு என் தலையைப் பார்த்தாள். நம் ஸ்ரீரங்கத்துப் பெண்கள் ஒரு முழம் பூ இல்லாமல் வாசல்படி தாண்ட மாட்டோம். அந்த மூன்று நாளில்தான் வெறுந்தலை. என் தலையில் பூ இல்லாததை நீங்கள் எல்லாரும்தான் பார்த்திருப்பீர்கள், என்னவென்று தெரிந்தும் இருப்பீர்கள். ஆனால் அதையும் ஆற்றையும் சேர்த்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். திரும்பித் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு விடிகாலையில் படித்துறைக்கு ஓடினேன். தண்ணீர் வந்த மாதிரியே வடிந்து போயிருந்தது. நாலடி நாலு அங்குலம். அப்பாடா என்று நிமிர்ந்தவள், தூணைப் பார்த்தேன். ஏழடிக்கு மேல் ஓரங்குலத்தில், கட்டையின் மீதும் கல்லின் மீதும் சந்தனம் இட்ட மாதிரி வண்டல் கோடு. ஆறு எதுவரை வந்தது என்று அதுவே எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தது. அதைப் பார்த்து நோட்டைத் திருத்தியிருக்கலாம். ஒரு வரி அடித்து எழுதினால் போதும்.

நான் பாவாடை நுனியைத் தண்ணீரில் நனைத்து அந்தக் கோட்டைத் துடைத்தேன். கட்டையிலும் துடைத்தேன், கைக்கு எட்டினவரை கல்லிலும் துடைத்தேன். ஒரு மாமி பார்த்துவிட்டு, சமர்த்துக் குழந்தை, தூணையெல்லாம் சுத்தம் பண்ணுகிறதே என்றாள்.

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் பூகோள அறையில் படம் வரைந்தோம். பெரிய கட்டம் போட்ட தாள். என் அளவுக்குச் சிவப்புக் கோடு, அவள் அளவுக்கு நீலக் கோடு. இரண்டும் ஒட்டிக்கொண்டே போவதைப் பார்த்து டீச்சர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அந்த மூன்று நாளில் சிவப்பு நேராகப் போக, நீலம் மட்டும் விர்ரென்று மேலே ஏறி இறங்கியது. டீச்சர் ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"ஒரே ஆறு. இந்தக் கரையில ஒரு மட்டம், அந்தக் கரையில ஒரு மட்டம் இருக்க முடியாது. ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தி போகாமலேயே எழுதியிருக்கீங்க. யாரு?"

நீங்கள் எல்லாரும் சுற்றி நின்றீர்கள். நான்தான் முதலில் வாய் திறந்தேன்.

"நான் தினமும் போனேன் டீச்சர்."

மறுகரைக்காரி தான் பார்த்ததைத்தான் எழுதியதாகச் சொன்னாள். டீச்சர் இரண்டு நோட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னுடையது புத்தம் புதிது போல இருந்தது. அவளுடையதில் வாழைக்கறை, தண்ணீர் பட்டு ஊறின பக்கங்கள், பென்சில் கிறுக்கல், ஓரிடத்தில் சேறு. எது ஆற்றுக்குப் போன நோட்டு என்று இப்போது என் பேத்திகூடச் சொல்லிவிடுவாள். அன்றைக்கு டீச்சர் கண்ணுக்குச் சுத்தமாக இருந்தது உண்மையாகத் தெரிந்தது, அழுக்காக இருந்தது பொய்யாகத் தெரிந்தது. தினமும் அந்த ஆற்றில் குளிக்கிறவர்களில் ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அவரும் கேட்கவில்லை, சுற்றி நின்ற ஒருத்திக்கும் தோன்றவில்லை.

மறுபடியும் அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அன்று என் தலையில் கதம்பம் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நான்தான் தப்பாப் பார்த்திருப்பேன் டீச்சர்," என்றாள்.

டீச்சர் அடிக்கவில்லை, கத்தவில்லை. உன்னை நம்பி உன் அப்பாவிடம் பேசினேனே என்று மட்டும் சொல்லிவிட்டு, நீலக் கோட்டை அந்த மூன்று நாளுக்கு ரப்பரால் அழித்தார். நம் படம் மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. ஒரே சீராக, அழகாக இருந்தது என்று நடுவர்கள் பாராட்டினார்கள். மேடையேறி வாங்கியவள் நான்.

அவளுக்கு 'மூணடி' என்று பெயர் வைத்தீர்கள். வகுப்பில் யார் எதைப் பெரிதாகச் சொன்னாலும், மூணடி விடாதே என்பீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன். காலாண்டுப் பரீட்சைக்கு முன் அவள் அப்பா ஸ்கூலுக்கு வந்தார். யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். டீச்சர் தனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னார். "பொய் சொல்றதுக்கு எதுக்குங்க ஸ்கூலு," என்று அவர் கேட்டுவிட்டு, பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். அவள் பையை எடுத்துக்கொண்டு நம் பெஞ்சைத் தாண்டிப் போனபோது நான் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். வார் ஏற்கெனவே மாட்டித்தான் இருந்தது.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குரூப்பில் யாரெல்லாம் விழாவுக்கு வருகிறீர்கள் என்று கேட்டபோது, 'மூணடி வருவாளா?' என்று ஒருத்தி போட்டாள். வரிசையாகச் சிரிப்புப் பொம்மை விழுந்தது. அதில் ஒன்று என்னுடையது. அறுபது தாண்டிய கிழவி, கை தன்னால் போய் அழுத்தியது. அழுத்திவிட்டு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மார்க்கெட்டில் விசாரித்து விசாரித்து நம்பர் வாங்கினேன். அவள் தொட்டியத்தில் இருக்கிறாள். பதினாறு வயசில் அங்கே வாழை விவசாயம் செய்கிற குடும்பத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்களாம். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். போனில் நான் யாரென்று சொன்னதும், "சொல்லுங்க," என்றாள். ஒரே வகுப்பில் உட்கார்ந்தவள் என்னை 'நீங்க' என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். போகாமல் எழுதியதை, கோட்டைத் துடைத்ததை. என் மானத்தைக் காப்பாற்றினாயே, எனக்காகத்தானே பழியை ஏற்றுக்கொண்டாய் என்று அழுதேன். இத்தனை வருஷமும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவள் எனக்குச் செய்த தியாகம் என்று நினைத்தால் என் பாவத்துக்கும் ஒரு அழகு வந்துவிடுகிறது அல்லவா?

"காப்பாத்தவெல்லாம் இல்லைங்க," என்றாள். "நீங்க பூ வைக்காம வந்தத நான் பாத்தேன். சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நான் சொன்னா யாரு நம்புவான்னு விட்டுட்டேன்."

கோபமே இல்லாத குரல். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பிறகு, "டீச்சர் இருக்காங்களா?" என்று கேட்டாள். போன வருஷம் போய்விட்டார் என்றேன். நான் போய் மாலை போட்டுவிட்டு வந்ததைச் சொல்லவில்லை. "அவங்களுக்குத் தெரியாமலே போயிடுச்சு," என்றாள்.

இதை நம் மலரில் எழுதலாமா என்று அவளிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க. எம் பேரு வேணாம், பேரப் புள்ளைங்க படிக்கும். உங்க பேரப் போட்டு எழுதுங்க," என்றாள்.

ஆகவே எழுதிவிட்டேன். அந்த மூன்று நாளில் காவேரி மூன்றடி ஏறித்தான் இறங்கியது. அவள் எழுதியதுதான் சரி, பொய் எழுதியவள் நான். மேடையேறிப் பரிசு வாங்கியது யார் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும், சொல்லாவிட்டாலும் தெரியும். இருந்தும் மூன்று நாளாக இந்தத் தாளின் அடியில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான், அதற்கும் எனக்குக் கை வரவில்லை.